முதல் வீட்டை விற்றலும் தரகர் உறவும்

வீடு வாங்குவோனுக்குப் புத்திமதி கூறுவோர் ஊரெங்கும் உளர். விற்பவனுக்குக் கூறுவோர் மிகச் சிலரே. வாங்குபவன் பணத்தைக் கொடுப்பவன், ஆதலின் ஏமாறக்கூடியவன் அவனே என்பது பொதுவான எண்ணம். பணத்தைப் பெறுபவனுக்கு என்ன இடர் வந்துவிடப் போகிறது எனப் பலரும் கருதுகின்றனர். ஆனால் முதன்முதலாகத் தன் வீட்டை விற்க முற்படுபவன், அதுவரை தான் செய்தறியாத ஒரு வாணிபத்தில் இறங்குகின்றான். எதிரே நிற்கும் தரகரோ அதனை நாள்தோறும் செய்பவர். இருவருடைய அறிவும் சமமன்று.

யாழ்ப்பாணத்தில் நல்லூர்ப் பக்கத்தில் வாழ்ந்த ஒரு தம்பதியரின் அனுபவத்தை இங்கே எடுத்துக்கொள்ளலாம். கணவர் தபாற் கந்தோரில் கடமையாற்றி இளைப்பாறியவர். மூன்று பரப்புக் காணியும் அதிலுள்ள கல்வீடும் மனைவிக்குத் தாய் வழியாக வந்த சீதனம். மகள் வெள்ளவத்தையில் குடியிருந்தாள். மகன் கனடாவில் இருந்தான். முதுமை வந்ததும் மகளின் அருகில் சென்று வாழத் தீர்மானித்து வீட்டை விற்க எண்ணினர். அயலிலே நெடுநாட் பழகிய தரகர் ஒருவர் செய்தியறிந்து மறுநாளே படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

அவர் கேட்ட முதற்கேள்வி, “ஐயா, உங்கள் கைக்கு எவ்வளவு வரவேண்டும்?” என்பது. மிகவும் மரியாதையான கேள்வி. கணவரும் சிறிது யோசித்து இரண்டு கோடி ரூபா என்றார். தரகர் தலையசைத்துச் சென்றுவிட்டார்.

இக்கேள்வியின் உட்பொருளைப் பலர் உணர்வதில்லை. கைக்கு வரவேண்டிய தொகையை உடையவர் கூறிவிட்டால், அதற்கு மேலே கிடைப்பது யாருக்கு என்பது பேசப்படாமலே தீர்ந்துவிடுகின்றது. சில நாட்களின் பின், வீடு பார்க்க வந்த ஓர் அம்மையார் கிணற்றடியில் நின்று பேசுகையில், இரண்டு கோடி இருபத்தைந்து இலட்சம் சற்று அதிகமன்றோ என்று வீட்டுக்காரியிடமே குறைப்பட்டுக்கொண்டார். அப்போதுதான் உண்மை வெளிப்பட்டது. வழக்கமான தரகுக் கூலி நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று. இரண்டு கோடிக்கு நூற்றுக்கு இரண்டு வீதம் நான்கு இலட்சமாகும். இங்கே தரகர் எதிர்பார்த்ததோ இருபத்தைந்து இலட்சம்.

கணவர் கடுங்கோபங்கொண்டார். மனைவியார் அவ்வாறு செய்யவில்லை. தரகரை அழைத்து உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தபின், இனிமேல் உள்ளபடி பேசுவோம் என்றார். அவர் செய்தது சரியே. உடையவரிடம் மறைத்து இலாபம் ஈட்டுதல் தரகருக்கு அழகன்று என்பதில் ஐயமில்லை. எனினும் விலையை அயலிலே விசாரியாமல், நிபந்தனை எதுவும் பேசாமல், ஒரு தொகையைச் சொல்லி அனுப்பிய பிழை விற்பவருடையது. அப்பகுதியில் அண்மையில் விலைப்பட்ட இரண்டு மூன்று காணிகளின் விலையைக் கேட்டறிந்திருந்தால், அல்லது தகுதிபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரை அழைத்திருந்தால், அந்த இரண்டு கோடி வாயிலிருந்து வந்திராது.

அன்று அவர்கள் ஒரு தாளில் எழுதிக்கொண்டவை சிலவே. இறுதியாகப் பெறும் விலையில் நூற்றுக்கு இரண்டு தரகு. வாங்குபவர் சொல்லும் விலையைத் தரகர் கூட்டாமல் குறையாமல் உடையவரிடம் அறிவித்தல். மூன்று மாதத்துக்கு வேறு தரகரை நாடாதிருத்தல். தரகுப் பணம் முற்பணம் வாங்கிய அன்றன்று, அறுதி உறுதி ஒப்பமிட்ட அன்றே கொடுபடும் என்ற கடைசி நிபந்தனைதான் மிக முக்கியமானது. முற்பணத்தோடு கூலியைப் பெற்ற தரகருக்கு அதன்பின் அவ்விற்பனை நிறைவேறுவதில் என்ன அக்கறை இருக்கும்?

சில வாரங்களில் ஒருவர் ஐந்து இலட்சம் ரூபாவைக் கையிற் கொண்டுவந்து, ஒரு பற்றுச்சீட்டில் ஒப்பமிட்டுத் தந்தாற் போதும் என்றார். கணவர் பேனாவை எடுத்துவிட்டார். இத்தகைய வேளைகளில் பேனாவை மூடிவைப்பதே அறிவுடைமை. இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை மட்டுமன்றி, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில், சாட்சிகள் இருவரேனும் காண எழுதி ஒப்பமிடப்படல் வேண்டும். வெறுந்தாளில் எழுதிய பற்றுச்சீட்டு விற்பனையை நிறைவேற்றுவிக்கும் வலிமையுடையதன்று. ஆனால் மனக்கசப்பையும் வழக்கையும் உண்டாக்கும் வலிமை அதற்குத் தாராளமாக உண்டு. மேலும் அந்த வீடு கணவருடையதே அன்று! இத்தனை ஆண்டு ஆதனவரியைத் தம் பெயரால் செலுத்தி வந்ததனால் அதனை அவரே மறந்திருந்தார்.

எனவே உறுதிகளை எடுத்துக்கொண்டு நொத்தாரிசு ஒருவரிடம் சென்றனர். அங்கே மூன்று செய்திகள் வெளிவந்தன. சீதன உறுதியில் தாயாருக்குச் சீவிய உரித்து வைக்கப்பட்டிருந்தது. தாயார் காலமாகிப் பல்லாண்டுகள் ஆயினும் மரணச் சான்றிதழ் கைவசம் இருக்கவில்லை. அடுத்து, எல்லையிலுள்ள கிணற்றிற் பாதிப் பங்கும் அதற்குச் செல்லும் வழிவாய்க்கால் உரிமையும் அடுத்த வளவிலுள்ள தங்கையாருக்கு உரியவை. தரகரோ வீடு பார்க்க வந்தவர்களிடம் கிணறு முழுவதும் இவ்வீட்டுக்கே உரியது என்று கூறிவந்திருந்தார். பொய் சொல்ல வேண்டுமென்ற எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. யாரும் அவருக்கு உறுதியைக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது, தேசவழமை பற்றியது. 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பெற்ற அவ்வழமை, காணியை முதலில் வாங்கும் உரிமையை உறவினருக்கும் பங்காளருக்கும், அடுத்த காணிக்காரரில் ஒரு சாராருக்கும் அளித்தது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதனைச் சுருக்கி, காணியின் கூட்டுரிமையாளருக்கும், விற்பவர் மரண சாசனமின்றி இறப்பின் உரிமைக்காரர் ஆவோருக்கும் மட்டும் உரியதாக்கிற்று. அதாவது அந்த அம்மையாரின் பிள்ளைகளுக்கு. அவர்களுக்கு முறைப்படி அறிவியாமல் பிறருக்கு விற்றால், பின்னர் அவ்வுரிமையைக் கோரி வழக்காட இடமுண்டு. இது எந்தத் தரகரும் வழமையாகச் சொல்லும் செய்தியன்று. சொல்லவேண்டியவர் நொத்தாரிசு. கேட்கவேண்டியவர் விற்பவர்.

அம்மையார் அன்றிரவே மகனோடு தொலைபேசியிற் பேசினார். வீடு தனக்கு வேண்டாம் என்று அவன் கூறுவான் என்றே எல்லாரும் எதிர்பார்த்தனர். அவனோ நெடுநேரம் மௌனமாக இருந்து, இரண்டு நாள் அவகாசம் கேட்டான். அந்த இரண்டு நாளும் அவர் சமையலறையில் ஒன்றுஞ் செய்ய மனமின்றி இருந்தாராம். மூன்றாம் நாள் அவன் தன் இசைவை அறிவித்தான். வாங்கிவிட்டுப் பூட்டிவைப்பதற்கு ஒரு வீடு எதற்கு என்பது அவன் சொன்ன காரணம்.

வெளிநாடுகளிலிருந்து வீடு விற்போர்க்கு ஒரு சொல். விற்கும் அதிகாரமுள்ள அற்றோணித் தத்துவத்தைத் தரகரிடமே எழுதிக்கொடுக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. வாங்குபவரைத் தேடுபவரும் விலையைத் தீர்மானிப்பவரும் பணத்தைப் பெறுபவரும் ஒருவரே ஆனால், அங்கே விற்பவருக்காகப் பேச யார் எஞ்சுவர்? அதிகாரத்தை உறவினரிடமோ நம்பத்தக்க வேறொருவரிடமோ கொடுத்து, தரகரைத் தரகராகவே வைத்திருத்தல் நன்று.

வரி பற்றியும் நொத்தாரிசு விளக்கினார். முத்திரைத் தீர்வையை வழக்கமாகச் செலுத்துபவர் வாங்குபவரே. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உண்ணாட்டு இறைவரிச் சட்டம் மூலதன ஆதாயத்துக்கு வரி விதித்தபோதும், இலங்கையில் வதிபவர் தம் முதன்மை வதிவிடத்தை விற்கையில், மூன்றாண்டு தொடர்ந்து உடைமையாகக் கொண்டு, அதில் இரண்டாண்டேனும் குடியிருந்திருப்பின் விலக்களித்தது. குடியிருந்தமைக்குச் சான்றாகப் பழைய மின்கட்டணச் சிட்டைகளை எடுத்து வைக்கும்படி அவர் கூறினார். கணவர் அவற்றை ஒன்றுவிடாமல் கம்பியிற் கோத்து வைத்திருந்தார். தபாற் கந்தோர்ப் பழக்கம் அன்றைக்குப் பயன்பட்டது.

கிணற்றின் உண்மையை அறிந்தபின் முதலில் வந்தவர் விலகிவிட்டார். தரகர் அதற்காக முகஞ்சுளிக்கவில்லை. புதிய நில அளவை வரைபடத்தின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, பாதிக் கிணறு என்று முதலிலேயே சொல்லி வேறு இருவரை அழைத்துவந்தார். கொழும்பிலிருந்து வந்த ஒருவருக்குப் பரப்பு என்றால் விளங்கவில்லை. ஒரு பரப்புப் பத்துப் பேர்ச் என்று அவருக்கு விளக்கியவரும் தரகரே. இரண்டாமவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. இரண்டு கோடி இருபது இலட்சத்துக்கு விலை பொருந்திற்று.

அறுதி உறுதியில் அம்மையார் ஒப்பமிட்டார். மணமான பெண் தன் அசைவற்ற ஆதனத்தை விற்பதற்குக் கணவரின் எழுத்திலான சம்மதம் வேண்டுமென யாழ்ப்பாணத்துக்கான 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் விதித்தது. ஆதலின் கணவரும் ஒப்பமிட்டார். பணம் வங்கிக் காசோலையாகக் கைமாறியது. தரகர் தமக்குரிய நான்கு இலட்சத்து நாற்பதினாயிரத்தைப் பெற்றுப் பற்றுச்சீட்டும் எழுதிக்கொடுத்தார். இருபத்தைந்து இலட்சம் எங்கே, இது எங்கே! ஆயினும் அடுத்த மாதம் அதே வீதியில் இன்னொரு வீட்டை விற்க அவரையே அழைத்தனர். அழைக்கச் சொன்னவர் இந்தத் தபாற் கந்தோர்க்காரர்.

புறப்படும் நாளன்று புதிய உடைமைக்காரி திறப்புக்களை வாங்க வந்தபோது, அம்மையார் முதலில் அவரை வீட்டுக்குள் அழைத்துச் செல்லவில்லை. கிணற்றடிக்கு அழைத்துச் சென்று, வேலிக்கு அப்பால் நின்ற தங்கையைக் கூப்பிட்டு, இவதான் இனி உன்னோடு தண்ணீர் அள்ளுவா என்று அறிமுகஞ் செய்துவைத்தார்.