மங்களம் பாடிய பின்னும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



சினிமாவைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று செயலாளர் ஐயாவிடம் சொன்னபோது அவர் முகம் சற்றே கோணிற்று. அதுவும் ஆங்கிலச் சினிமா; அதிலும் முகமூடியணிந்து வானத்திற் பறக்கும் சூப்பர் ஹீரோக்களின் சினிமா. “பரீட்சைக்குப் படிக்கிற வயதில் இது எதற்குத் தம்பி?” என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. அப்படங்களைப் பார்ப்பதை எப்பொழுது நிறுத்துவது என்பதே நமது பொருள் என்று விளக்கிய பின்னர்தான் அனுமதி கிடைத்தது.

‘நாம்’ என்று இங்கே சொல்வது ஒரே மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கிலிருந்து படித்த ஐந்து பேரை. 2008ஆம் ஆண்டு மே மாதத்தில் மார்வெல் நிறுவனத்தின் ‘அயர்ன் மான்’ வெளிவந்தபொழுது நாம் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகிக்கொண்டிருந்தோம். சில ஆண்டுகள் கழித்தே அதைப் பார்த்தோம். குகையொன்றில் அடைபட்ட ஆயுத வியாபாரி டோனி ஸ்டார்க், சுத்தியலால் இரும்பை அடித்துத் தனக்கொரு கவசஞ் செய்து தப்புகிறான். படம் முடிந்து பெயர்ப்பட்டியலும் ஓடித் தீர்ந்தபின் ஒரு துண்டுக்காட்சி வருகிறது. இருளிலிருந்து ஒருவர் வெளிப்பட்டு, உலகில் நீ ஒருவனே வீரனென்று எண்ணிவிட்டாயோ என்ற பாவனையிற் பேசுகிறார். எழுந்து போகவேண்டியவனை மறுபடி ஆசனத்தில் இருத்தும் அந்த வித்தை அன்று நமக்குப் பெரும் விருந்தாயிருந்தது. அடுத்த படத்துக்கு அச்சாரம் வாங்குகிறார்கள் என்பது சிறுபிள்ளைகளுக்கு விளங்குமா?

1996இல் வங்குரோத்தாகி, தன் கதாபாத்திரங்கள் சிலவற்றின் பட உரிமைகளைப் பிற கொம்பனிகளுக்கு விற்றுப் பிழைத்த நிறுவனம் மார்வெல். அதை 2009இல் டிஸ்னி ஏறக்குறைய 400 கோடி டொலருக்கு வாங்க முன்வந்தது. ‘அயர்ன் மான்’ தொடங்கிப் பதினோராண்டுக்குள் இருபத்திரண்டு படங்கள் என்ற கணக்கில், 2019இல் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ வந்து சேர்ந்தது.

அவ்வாண்டை நம்மில் எவரும் மறக்கமாட்டோம். ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, நமது நாட்டில் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. ஐந்து நாள் கழித்து அமெரிக்காவிலே ‘எண்ட்கேம்’ திரைக்கு வந்தது. அதை நினைக்க நமக்கு மனமில்லை. பள்ளிக்கூடம் மீண்டும் திறந்த காலை, செபத்தின் நடுவே மௌனம் வழக்கத்திலும் நீண்டது. சில மாதங்கள் சென்றபின், நண்பர் ஒருவர் வீட்டு முன்னறையில் யன்னலைச் சாத்திக்கொண்டு, மூன்று மணி நேரமும் ஒரு நிமிடமும் ஓடுகின்ற அப்படத்தைப் பார்த்தோம்.

உலகத்து உயிர்களிற் பாதி ஒரு விரற்சொடுக்கில் மறைந்துபோன கதை அது. ஐந்து ஆண்டுகள் கழிகின்றன. எஞ்சியவர் சிலர் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு அமர்ந்து, இழந்தவரைப் பற்றியும் மிஞ்சிய வாழ்வைப் பற்றியும் பேசுகின்றனர். அக்காட்சியிற் பறப்பாருமில்லை, அடிப்பாருமில்லை. நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இறுதியில் மறைந்தோர் மீள்கின்றனர். ஆயினும் அதற்கு விலையுண்டு. டோனி ஸ்டார்க் இறக்கிறான். மற்றொரு வீரனாகிய ஸ்டீவ் றோஜர்ஸ் கிழவனாகி, தன் கேடயத்தை வேறொருவனுக்குக் கொடுக்கிறான்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். இவ்வீரர்கள் பிறந்தது படக்கதைப் புத்தகங்களில். புத்தகத்து வீரனுக்கு மூப்பில்லை. மாதந்தோறும் அவன் வரவேண்டும், ஆதலால் இறந்தாலும் ஏதோ ஒரு சாக்குச் சொல்லி எழுந்துவிடுவான். திரையில் வருபவனோ மனிதன். ரொபர்ட் டவுனி முதற் படம் வந்தபோது 43 வயதினர். ‘எண்ட்கேம்’ வந்தபோது 54. முகத்திற் கோடு விழுந்தது நமக்குத் தெரிந்தது. புத்தகங் கொடுக்கமுடியாத ஒன்றை, அதாவது முடிவை, திரை கொடுத்தது இதனாலேயே.

அந்தப் படத்திற் பெயர்ப்பட்டியலுக்குப் பின்னர் துண்டுக்காட்சி இல்லை. வழக்கம்போலக் காத்திருந்தோம். இருட்டில் இரும்பை அடிக்கும் ஓசை மாத்திரம் சில தரம் கேட்டு ஓய்ந்தது. குகையிற் கவசஞ் செய்தவனின் சுத்தியல் ஓசை அது. கூத்திலே மங்களம் பாடியபின் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகத் தெரியாதவர் நம்மவரில் எவருமிலர். நமக்கோ அது மங்களமென்று விளங்கவில்லை.

விற்பவர்க்கு விளங்காததில் வியப்பில்லை. ஏறக்குறைய 280 கோடி டொலர் ஈட்டிய கடையை யார் சாத்துவார்? 2021ஆம் ஆண்டில் மாத்திரம் நான்கு படங்களும் ஐந்து தொடர்களும் வெளியிட்டனர். 2018இல் இறந்த லோக்கி வேறொரு காலக்கிளையிலிருந்து வந்து தனித் தொடருக்கு நாயகனானான். ஒரு படம் விளங்குவதற்கு இரண்டு தொடர்களைப் பார்த்திருக்கவேண்டும் என்ற நிலை வந்தது. 2023 நவம்பரில் வெளியான ‘த மார்வெல்ஸ்’ அத்தகையது. ஏறக்குறைய இருபது கோடி டொலரோடு அது நின்றுவிட்டது. அவ்வரிசையில் அத்துணை குறைவாக ஈட்டிய படம் வேறில்லை. 2024 மே மாதத்தில், அப்பொழுது டிஸ்னியின் தலைமை நிர்வாகியாயிருந்த பொப் ஐகர், இனி ஆண்டுக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று படங்கள்தாம் என்றார்.

நியாயமுஞ் சொல்லவேண்டும். பின்னர் வந்தவை யாவும் குப்பையல்ல. 2023 மே மாதத்து ‘கார்டியன்ஸ் ஒஃப் த கலக்ஸி’ மூன்றாம் பாகம் தன் கதையைத் தானே அழகாக முடித்துக்கொண்டது. சனங்கள் யாவரும் சலித்துவிட்டனர் என்பதும் பொய். 2017இல் வந்த ‘லோகன்’ படத்திலே வொல்வரின் என்னும் வீரன் மாண்டு, காட்டிற் புதைக்கப்பட்டான். அதைப் பார்த்து நம்முள் ஒருவன் கண் கலங்கினான், பெயர் சொன்னால் கோபிப்பான். 2024இல் ‘டெட்பூல் அண்ட் வொல்வரின்’ தொடங்குவதே அக்குழியைத் தோண்டி எலும்பை எடுத்து ஆயுதமாக்குவதோடு. அரங்குகள் சிரித்தன, வசூல் 130 கோடி டொலரைத் தாண்டியது. நாமும் சிரித்தோம். வீடு திரும்பும் வழியில் ஏதோ களவு செய்ததுபோலிருந்தது. அவ்வருடம் யூலையில், டவுனி வேறொரு பாத்திரத்தில், வில்லனாக, மீண்டும் வருகிறாரென்று மேடையிலே முகமூடியைக் கழற்றிக் காட்டினர்.

அப்படியானால் ஏன் பார்த்துக்கொண்டிருந்தோம்? இதைச் சொல்லவே வந்தோம். 2022ஆம் ஆண்டு, எரிபொருள் வரிசையும் மின்வெட்டுமாயிருந்த காலத்தில், நம் ஐவரில் ஒருவன் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போனான். அதன்பின் வந்த ஒவ்வொரு படத்தையும் அவன் அங்கும் நாம் இங்கும் பார்த்து, பிறகு தொலைபேசியிற் பேசுவோம். ஒரு தொடரின் நடுவே நால்வரும் உறங்கிவிட்டு, மறுநாள் அவனிடம் நன்றாயிருந்ததென்று சொன்னதுமுண்டு. படத்தை விட்டால் அவனை விட்டதாகுமோ என்ற பயமே நம்மை இருத்தி வைத்தது. கொம்பனியைக் குறைசொல்வதற்கு முன்னர் இதை ஒத்துக்கொள்வது நேர்மை.

சென்ற விடுமுறையில் துணிந்து ஒன்றைத் தவறவிட்டோம். வெட்கத்தோடு காத்திருந்தோம். ஞாயிறு இரவு அழைப்பு வந்தது.

“பாத்திட்டீங்களோடா?” என்றான்.

“இல்லை மச்சான்” என்றோம்.

சற்றுநேரம் சத்தமில்லை. “நானும் பாக்கேல்லை” என்றான். பிறகு, அங்கே புதிதாகக் குளிர் தொடங்கியிருப்பதையும், அம்மாவுக்கு முழங்கால் நோவென்பதையும், இரவு வேலைக்குப் போய்வரும் பாதையையும் பற்றிச் சொல்லத் தொடங்கினான். மூன்று வருடத்தில் இவற்றை நாம் கேட்டிருக்கவில்லை. தொலைபேசியின் மின் தீரும்வரை பேசிக்கொண்டிருந்தான்.