பிள்ளையின் முறை

வீட்டிற்கு விருந்தினர் ஒருவர் வருகின்றார். கதவோரம் ஒதுங்கி நிற்கும் நான்கு வயதுப் பிள்ளையைப் பார்த்து, "தம்பியின் பெயர் என்ன?" என்று வினவுகின்றார். பிள்ளை வாய் திறக்குமுன் தாயார் பெயரைச் சொல்லிவிடுகின்றார். வயதைக் கேட்டாலும் தாயாரே விடை பகர்கின்றார். "தம்பி பேசமாட்டாரோ?" என்றதும், "அவனுக்குச் சரியான வெட்கம்" என்ற தீர்ப்பும் பிள்ளையின் காதிலேயே விழுகின்றது. உண்மையில் அவனுக்குப் பேச இடமே கிடைக்கவில்லை.

உரையாடல் என்பது சொற்களை அறிந்திருத்தல் மட்டுமன்று. ஒருவர் பேச, மற்றவர் கேட்டிருந்து தம் முறை வந்ததும் பேசும் ஒழுங்கு அது. அவ்வொழுங்கு மழலைக்கு முன்பே தொடங்கிவிடுகின்றது. மூன்று மாதக் குழந்தையின் கொட்டாவியையும் ஏப்பத்தையுங்கூடத் தாய்மார் விடையாகவே ஏற்றுப் பேச்சைத் தொடர்வதைக் கதரின் சினோ என்னும் ஆய்வாளர் 1977 இல் எடுத்துக்காட்டினார். மடியிற் கிடக்கும் குழந்தை "ங்கா" என்றால், "ஓமோ, பிறகென்ன?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கும் அம்மம்மாவும் இதனையே செய்கின்றார்.

வியப்பு யாதெனில், பிள்ளை மெய்யாகவே பேசத் தொடங்கியபின் இந்தப் பொறுமை மறைந்துவிடுவதுதான். அமெரிக்க வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் றோ, ஆசிரியர்கள் வினாவைத் தொடுத்தபின் ஏறக்குறைய ஒரு விநாடியே காத்திருந்ததை 1970களிற் கண்டறிந்தார். மூன்று விநாடிக்குக் குறையாமல் காத்தபோது விடைகள் நீண்டன. வாளாவிருந்த மாணவரும் பேசினர். மூன்று விநாடி சிறு பொழுதுதான். விருந்தினர் முன்னிலையில் நிற்கும் தாயாருக்கோ அது ஒரு யுகம்!

வினாவிலும் வேறுபாடு உண்டு. "இது என்ன நிறம்?" என்பது பரீட்சை, கேட்பவருக்கு விடை முன்பே தெரியும். "கோழிக்குஞ்சை எங்கே ஒளித்துவைத்தாய்?" என்பதோ உரையாடல். பிள்ளை அறிந்ததைப் பெரியவர் அறியார்.

தொலைபேசியில் "சாப்பிட்டாயா?" என்று அப்பப்பா கேட்க, பிள்ளை தலையை மட்டும் ஆட்டுகின்றது. இது மரியாதைக் குறைவன்று. கேட்பவர் நிலையில் நின்று பார்க்க அப்பருவத்தில் முழுமையாக இயலாது. ஜெனீவாவில் ஆறு வயதுச் சிறுவர் இருவரின் பேச்சைக் குறித்துவைத்த பியாஜே, அதிற் பாதியளவு கேட்பவரைக் கருதாத பேச்சே என்று 1923 இல் வெளிவந்த தமது நூலில் எழுதினார். ஆகவே ஏசுதல் வேண்டா. "நீ தலையாட்டுவது அப்பப்பாவுக்குத் தெரியாது, சொல்லிவிடு" என்றால் போதும்.

இரண்டு வயதாகியும் இரு சொற்களை இணைத்துப் பேசாத பிள்ளையின் நிலை வேறு. "எங்கள் குடும்பத்தில் எல்லோரும் பிந்தித்தான் பேசினார்கள்" என்று இருந்துவிடாமல், மருத்துவரிடம் காட்டிச் செவிப்புலனைச் சோதிப்பிக்க வேண்டும்.

ஏனைய பிள்ளைகளுக்குச் சிரட்டையும் மணலும் வைத்து ஆடும் கடை விளையாட்டே நல்ல பயிற்சி. பிள்ளை வியாபாரி, தாயார் விலை கேட்டு வாங்குபவர். சில நாட்களின்பின் தெருமுனைக் கடையிலே, "ஒரு தீப்பெட்டி தாருங்கள்" என்று பிள்ளையே கேட்கட்டும். கடைக்காரர் வழக்கம்போலத் தாயாரின் முகத்தைத்தான் நோக்குவார். தாயார் பிள்ளையின் முகத்தை நோக்கியபடி சற்று நிற்கவேண்டும்.