இரும்புமுட்டியும் இரவல் பெருமையும்

(பள்ளிப்பட்டு மக்கள் முன் ஆற்றப்பெற்ற உரை)

  

அயல்நாட்டுத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் பற்றித் தமிழ் மேடையில் பேசுவதா என்று முதியோர் சிலர் நெற்றியைச் சுருக்கக்கூடும். பேசத்தான் வேண்டும். பிள்ளைகளின் கண் எங்கே நிற்கின்றதோ, அங்கேதான் அவர்களின் கருத்தும் நிற்கும். இற்றைநாளில் அது கையகலத் திரையில் நிற்கின்றது. அத்திரையில் எவனை மறவன் என்று காட்டுகின்றனர், அவன் மறம் எங்கிருந்து வந்ததாகக் காட்டுகின்றனர் என்பதைப் பெற்றோர் ஆராயாது விட்டால், பிள்ளைகள் அதனையே மறத்தின் இலக்கணமாகக் கொள்வர்.

2017-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17-ஆம் நாள் நெட்பிளிக்சு நிறுவனம் 13 பகுதிகள் கொண்ட தொடர் ஒன்றை வெளியிட்டது. ‘அயர்ன் பிசுட்டு’ என்பது அதன் பெயர். தமிழில் ‘இரும்புமுட்டி’ எனலாம். அமெரிக்காவில் சீனப் போர்க்கலைப் படங்கள் பேரலையாக எழுந்த 1974-ஆம் ஆண்டில், மார்வெல் நிறுவனத்துக்காக இராய் தாமசு எழுத, கில் கேன் வரைய, படக்கதையில் பிறந்தவன் அதன் தலைவன். செல்வர் மகனாகிய இடேனி இராண்டு சிறுவனாக இருந்தபோது, பெற்றோருடன் சென்ற வானூர்தி இமயத்தில் வீழ்கின்றது. உயிர் தப்பிய அவனைக் குன்லூன் என்னும் மறைநகரின் துறவியர் எடுத்து வளர்க்கின்றனர். அவன் ஊர் திரும்ப 15 ஆண்டுகள் ஆகின்றன. கடும்பயிற்சியின் முடிவில் பறவைநாகம் ஒன்றை எதிர்கொண்டு, கைமுட்டியில் ஒளிரும் பேராற்றலைப் பெற்றவனாக அவன் நியூயார்க்கு நகருக்கு வருகின்றான்.

வித்து நல்ல வித்தே. விளைந்ததுதான் பதர். அந்த நெடும்பயிற்சி திரையில் துண்டுதுண்டான நினைவுக் காட்சிகளாக வந்து மறைகின்றது. முதற் பருவத்தின் 13 பகுதிகளிலும் பறவைநாகம் முழுவுருவில் ஒருமுறையேனும் தோன்றவில்லை. போர்க்கலையைக் காண வந்தவனுக்கு வணிக நிறுவனத்தின் பங்குச் சண்டையும் ஆட்சிக்குழுக் கூட்டமும் பகுதி பகுதியாகப் பரிமாறப்படுகின்றன.

இறுதிப் பகுதி அந்த ஏமாற்றத்தின் உச்சி. 12 பகுதிகள் பொறுத்திருந்தவன், கலை கற்றவனும் கலை கற்றவனும் மோதும் ஒரு பெரும்போரை எதிர்நோக்கியிருப்பான். அங்கே தலைவனை எதிர்த்து நிற்பவனோ ஆரால்டு மீச்சம் என்னும் வணிகன், மாண்டு மீட்கப்பட்டவன், ஆயினும் போர்க்கலை பயின்று தேர்ந்தவன் அல்லன். உயர்மாடக் கட்டடத்தின் கூரைமேல் அவன் துப்பாக்கி ஏந்தி நிற்கின்றான். அவன் வாழ்வு முடிவதாவது இரும்புமுட்டியாலா? அதுவும் இல்லை, அவன் மகன் வார்டு சுட்ட குண்டினால்! நாகத்தை வென்ற கை பக்கத்தில் நிற்க, ஆண்டுக்கணக்கான பயிற்சி எதுவும் வேண்டாத ஒரு விரலசைவு கதையை முடித்து வைக்கின்றது. அதன்பின் தலைவன் குன்லூனை நாடிப் போகின்றான். அந்நகரோ அங்கே இல்லை. காக்க வேண்டியவன் காவலை விட்டு நீங்கினான்; காக்கப்பட வேண்டியது காணாமற் போயிற்று.

இத்தொடர் ஏன் இப்படித் தளர்ந்தது? கதையமைப்பில் குறையுண்டு, ஆனால் அதனினும் ஆழமான குறை வேறொன்று. தலைவனாக நடித்த பின் சோன்சு, நெருக்கடியான படப்பிடிப்பு அட்டவணையால், சண்டைக் காட்சிகளைப் பலமுறை படம்பிடிப்பதற்கு 15 மணித்துளிகளுக்கு முன்னரே கற்றுக்கொள்ள நேர்ந்ததாகத் தாமே செய்தியாளரிடம் கூறினார். கதையில் 15 ஆண்டுப் பிரிவு. களத்தில் 15 மணித்துளிப் பயிற்சி! நடிகர்மேல் பழி போடுவது அறமன்று. காலம் கொடாத முதலாளியரே அதற்குப் பொறுப்பு. ஆயினும் பார்ப்பவன் கண்ணை ஏமாற்ற இயலவில்லை. 2018-ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்த இரண்டாம் பருவத்தில் வேறு சண்டை அமைப்பாளரை அமர்த்தி, பயிற்சிக்கும் கூடுதல் காலம் தந்தனர். சண்டைக் காட்சிகள் தெளிவாகவே மேம்பட்டன. ஆனால் அதற்குள் மக்களின் நம்பிக்கை குலைந்திருந்தது. அடுத்த திங்களே தொடர் நிறுத்தப்பட்டது.

இதே முதற் பருவத்தின் 8-ஆம் பகுதியில், வாயில்காக்கும் குடிகாரப் போராளியாக ஒருவன் சிறிதுநேரம் வருகின்றான். அவ்வேடம் ஏற்றவர் இலூயிசு தான். சண்டைக்கலைஞர் ஒருவரின் மகன். இளமையிலிருந்தே போர்க்கலை பயின்றவர். தலைவன் வேடத்துக்குத் தேர்வு கொடுத்திருந்தவர். பார்த்தவர் பலர் அச்சிறு சண்டையையே தொடரின் சிறந்த சண்டையாகக் கூறினர். பயின்றவன் வாயிலில் நின்றான். பயிலாதவன் அரியணையில் அமர்ந்தான்.

இது புதிய வழக்கமும் அன்று. 1966-ஆம் ஆண்டு தொடங்கிய ‘பச்சைக் குளவி’த் தொடரில் புரூசு லீ என்னும் பெருங்கலைஞர் தலைவனின் வண்டியோட்டியாகத்தான் நடித்தார். 1972 முதல் 1975 வரை ஓடிய ‘குங்பூ’ என்னும் தொடரிலோ, தொடக்கத்தில் நடனப் பயிற்சியன்றிக் குங்பூப் பயிற்சி இல்லாத இடேவிடு காரடைன் தலைவனானார். கலை ஓரிடத்திலும் அதன் புகழ் வேறோரிடத்திலும் போய்ச் சேர்ந்தன.

அயலவர் குறையைச் சொல்லிக் கைதட்டுவது எளிது. அதே அளவுகோலைத் தமிழர் தம்மீதும் வைத்துப் பார்க்க வேண்டும்.

2011-ஆம் ஆண்டு ‘ஏழாம் அறிவு’ என்னும் திரைப்படம் வந்ததிலிருந்து, ‘சீனர்க்குப் போர்க்கலை கற்பித்தவர் காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமர், ஆதலால் சாவோலின் கலை தமிழர் கலையே’ என்று மார்தட்டாத இளைஞர் அரியர். உண்மை என்ன? போதிதருமர் தென்னாட்டு மன்னர் ஒருவரின் மூன்றாம் மகன் என்று பழஞ்சீனக் குறிப்பொன்று கூறுகின்றது. 547-ஆம் ஆண்டளவில் எழுந்த மற்றொரு சீன நூலோ அவரைப் பாரசீகத்தார் என்கின்றது. அவரைச் சாவோலின் உடற்பயிற்சியோடு இணைக்கும் நூல், தன் காலத்தை 1624 எனக் குறிப்பது. அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் பிற்பட்டது. அந்த இணைப்பு பிற்காலப் புனைவே என்று சீன ஆராய்ச்சியாளரும் சப்பானிய ஆராய்ச்சியாளரும் காட்டியுள்ளனர். உறுதிப்படாத ஒன்றை உறுதியென்று முழங்குவது தமிழுக்குத் தொண்டாகாது. பகைவன் ஒரு நூலைப் புரட்டிக் காட்டினால் முழங்கியவன் நாணி நிற்க நேரும்.

இன்னும் ஒன்று. போதிதருமர் தமிழரே என்று நாளை ஐயமற நிறுவப்பட்டாலும், அதனால் இங்குள்ள ஓர் இளைஞனின் கை வலுப்பெறுமா? கற்காத கலைக்கு உரிமை கொண்டாடுவதும், 15 மணித்துளியில் இரும்புமுட்டி பெற்றவனாக நடிப்பதும் ஒன்றே. இரண்டும் இரவல் பெருமை. இறுதிப் பகுதி வரும்போது இரண்டும் வெளுத்துப் போகும்.

இரவலே வேண்டாத கலை கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றது. சிலம்பத்தைப் பாருங்கள். முறையாகக் கற்பிக்கும் ஆசான் மாணவன் கையில் முதல்நாளே கோலைக் கொடுத்து விடுவதில்லை. காலடி பழக்குகின்றார். மண்ணில் கால் எப்படி ஊன்ற வேண்டும், எப்படித் திரும்ப வேண்டும் என்பது உடம்பில் ஊறிய பின்னரே, நெற்றியளவு உயர்ந்த கோல் கைக்கு வருகின்றது. பின்னர் வீச்சும் தடுப்பும். அதன்பின் சுருள்வாளும் மான்கொம்பும். வெறுங்கைப் போருக்குக் குத்துவரிசை. ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் பெயர் இருக்கின்றது. பெயர் அழியாமல் இருப்பதற்குக் காரணம் அகரமுதலி மட்டுமா? ஊர்தோறும் எவனோ ஒருவன் அதனைச் சொல்லிக்கொண்டே கால் எடுத்து வைத்திருக்கின்றான். ஆடுகளம் மூடப்பட்டால் அச்சொற்களும் மெல்ல மறையும். 2024-ஆம் ஆண்டு சனவரியில் ‘கேலோ இந்தியா’ இளைஞர் விளையாட்டுகள் தமிழ்நாட்டில் நடைபெற்றபோது சிலம்பம் காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. மகிழத்தக்கதே. ஆனால் ஊர்க் களத்தில் ஆசானும் மாணவனும் இல்லையெனில், பெருநகர் அரங்கில் கிடைத்த இடம் எத்தனை நாள் நிலைக்கும்?

உழைப்பின்றி உரிமை வாராது என்பதைப் பள்ளிப்பட்டுக்குப் பிறர் வந்து சொல்ல வேண்டுவதில்லை. பாவும் ஊடையும் அறிந்த ஊர் இது. பாவு பிணைக்கத் தெரியாதவன் தறியில் அமர்ந்தால் இழை அறும். துணி அவன் பொய்யைக் காட்டிக்கொடுக்கும். இந்த மண் தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் அவ்வாறு பிணைத்துப் பிணைத்துப் பெற்ற பயனே. மொழிவழி மாநிலங்கள் அமைந்த காலத்தில் திருத்தணியும் பள்ளிப்பட்டும் ஆந்திரத்தில் இருந்தன. ம.பொ.சிவஞானம் வடக்கெல்லைப் போரை முன்னின்று நடத்தினார். அவருக்குத் தோள்கொடுத்த மங்கலங்கிழார் இப்பகுதி ஊர்களில் பொருள் கருதாது தமிழ் கற்பித்தவர். அவர் 1953-இல் மறைந்தார். தாம் நட்டது கனிந்ததைக் காணவில்லை. 1959-ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டத்தின்படி, 1960 ஏப்பிரல் முதல் நாள் இப்பகுதி தாயகத்தோடு இணைந்தது. எந்தப் பறவைநாகமும் அதனை அருளவில்லை. எழுத்தறியாப் பிள்ளைக்கு ‘அ’ எழுதக் கற்பித்த கை அதற்கு அடிகோலியது.

ஆகவே, பெற்றோரே! பிள்ளைகள் தொடர் பார்க்கின்றனர் என்று சினந்து திரையைப் பிடுங்கிவிடுவதால் பயனில்லை. உடன் அமருங்கள். ‘இவன் இந்த ஆற்றலை எப்படிப் பெற்றான்? பயிற்சியைக் காட்டினார்களா?’ என்று கேளுங்கள். அக்கேள்வி ஒன்றே பிள்ளையின் அறிவைத் தூண்டும். பின்னர் வாரத்தில் இரண்டு மாலைப்பொழுதாவது சிலம்பக் களத்துக்கு அனுப்புங்கள். ஆண்பிள்ளையை மட்டுமன்று, பெண்பிள்ளையையும். களம் இல்லாத ஊரில் பத்துக் குடும்பங்கள் கூடி ஓர் ஆசானை அழையுங்கள். அவர் பிழைப்புக்கு உரியதைத் தயங்காது கொடுங்கள். பட்டப்பெயரும் மாலையும் ஆசானின் அடுப்பை எரிக்கா.

இளைஞர்களே! முன்னோர் பெருமையைப் பேசுங்கள். பேசும் முன்னர்க் காலடி பழகுங்கள். முட்டி ஒளிர வேண்டுவதில்லை. காய்த்துப் போயிருந்தால் போதும்.