உமிச்சாம்பல் மெருகு



கண்ணால் பார்க்க வேண்டிய ஒன்றைப் பற்றிக் காதுக்குச் சொல்ல வந்திருக்கிறேன். ஆகவே ஒரு சத்தத்திலிருந்தே தொடங்குகிறேன். சுட்டு முடித்த சூளையைத் திறந்து, மெருகேறிய கலயங்களை வெளியே எடுத்து வைத்தால் அவை 'டிங்... டிங்' என்று ஒலிக்கும். வெண்கலக் கும்பாவை நகத்தால் சுண்டினது போல இருக்கும். மண்பாண்டம் பழகப் போன புதிதில் அதைக் கேட்டு நான் பூரித்துப் போனேன். சொல்லிக்கொடுத்தவர் சிரித்தார். மேலே படிந்த கண்ணாடிப் படலம் அடியிலுள்ள மண்ணைவிடக் கூடுதலாகச் சுருங்கி, தலைமுடி போல விரிசல் விடுகிறது. அந்தச் சத்தம்தான் அது. நான் ரசித்தது என் தப்பை.

இந்தப் படலத்தைப் பட்டறையில் கிளேஸ் என்பார்கள். நான் மெருகு என்றே சொல்கிறேன். பழைய ஊறுகாய் ஜாடியின் மேற்பாதி பழுப்பாக மின்னுமே, அதுதான். தஞ்சாவூர்ப் பக்கத்துக் குயவர் வீடுகளில் வழிவழியாக வனையும் பானை சட்டிகளுக்கு மெருகு கிடையாது. அதைக் குறையாக நினைத்துக்கொண்டு ஒரு பெரியவரிடம் கேட்டேன். "பானை வேர்க்கணும் தம்பி. வேர்க்காத பானை எதுக்கு?" என்றார். சரிதானே? மேலே கசிந்த ஈரம் ஆவியாகும்போதுதான் உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்கிறது. மெருகு பூசினால் அது மழைக்கோட்டு மாட்டின மாதிரி.

இன்னொரு சிக்கலும் உண்டு. பொங்கல் பானை வேகும் சூடு ஆயிரம் டிகிரியை எட்டுவதில்லை. ஜாடி வகைக்கு 1250 டிகிரி செல்சியஸ், அதற்கு மேலும் வேண்டும். அந்தச் சூட்டில் நம் ஆற்று மண் பானை நிற்காது. உட்கார்ந்துவிடும், சில சமயம் பாகாக வழிந்தே போகும். பானைக்கு ஆகாத இந்தக் குணம் எனக்கு ஆசையைக் கிளப்பியது. உருகி வழிந்து மினுங்குவதுதானே மெருகின் வேலை? அப்படியானால் காவிரி வண்டல் பாதி மெருகு ஆயிற்றே!

உயர்சூட்டுப் பாண்டம் பழக நம்மவர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் பழகியவர்கள் நாடெங்கும் சூளை வைத்திருக்கிறார்கள். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பம் கற்றுத்தரும் அரசு நிலையம் இருக்கிறது.

மெருகுக்கு மூன்று பொருள் வேண்டும். கண்ணாடியாகும் சிலிக்கா, அது தனியாக உருக 1700 டிகிரிக்கு மேல் ஆகும். அதைச் சீக்கிரம் உருக வைக்கும் சுண்ணாம்பு, சாம்பல்சத்து வகையறா. உருகியது கீழே ஓடாமல் பிடித்து நிறுத்தும் அலுமினா. மூன்றும் டெல்டாவில் காலடியில் கிடக்கின்றன. நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி உமியில் சேர்த்து வைக்கிறது. உமிக்கரியால் பல் துலக்கிய தலைமுறைக்கு அந்தச் சொரசொரப்பு நினைவிருக்கும். 100 கிலோ நெல்லுக்குச் சுமார் 20 கிலோ உமி. அதை நன்றாக எரித்தால் ஏறக்குறைய 4 கிலோ சாம்பல். அதில் பத்தில் ஒன்பது பங்கு வரை சிலிக்காதான். அரிசி மில் வாசலில் குவிந்து கிடப்பது அதுவே. சுண்ணாம்புக்குச் சவுக்கு விறகின் சாம்பல். அலுமினாவுக்கும், நிறம் தரும் கொஞ்சம் இரும்புக்கும் வண்டல்.

எந்த அளவில் கலப்பது? இங்கேதான் மாணவனுக்குப் பொறுமை வேண்டும். வாசலில் கோலம் போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும். 6 புள்ளியில் ஆரம்பித்து 1இல் முடியும் முக்கோணம். மூன்று முனைகளில் மூன்று பொருள்கள். ஒரு புள்ளி நகர்ந்தால் ஒன்றில் 20 பங்கு குறைந்து இன்னொன்றில் 20 பங்கு கூடும். மொத்தம் 21 புள்ளி, 21 சின்ன மண் வில்லைகள். என் முதல் 21 வில்லைகளின் முதுகில் பென்சிலால் எண் எழுதினேன். சூளையில் பென்சில் எழுத்து எரிந்து போனது. எது எதுவென்று தெரியாத 21 வில்லைகளைத் துணியில் முடிந்து இன்னும் வைத்திருக்கிறேன். அடுத்த தடவை காவியைக் கரைத்து எழுதினேன்.

உமிச்சாம்பல் முனை உருகவே இல்லை. விபூதி போல உதிர்ந்தது. விறகுச் சாம்பல் முனை பச்சையும் மஞ்சளுமாக ஓடி அடித்தட்டில் ஒட்டிக்கொண்டது. வண்டல் முனை கருப்பட்டி நிறம். நடுவில், உமி கூடிய இரண்டு மூன்று புள்ளிகளில், காய்ச்சிய பால் ஏடு போல ஒரு வெண்மை. தடித்த இடத்தில் லேசான நீலம். ஜப்பானில் இந்த வகைக்கு நூக்கா என்று பெயர். மாஷிகோ ஊரில் ஷோஜி ஹமடா என்ற குயவர் நெல் உமிச் சாம்பலைக் கொண்டு இதைச் செய்தார். அவர் ஊரும் நெல் ஊர்தான்.

சூளைக்குள் காற்றைக் குறைத்தால் வண்டலின் அதே இரும்பு, அளவு கொஞ்சமாக இருந்தால், பச்சையாக மாறும். கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் சீனப் பாண்டச் சில்லுகள் கிடைத்திருக்கின்றன; சீனர்களின் புகழ்பெற்ற பச்சை மெருகும் இந்த இரும்பு வித்தைதான். நமக்கும் காற்றைக் கையாளத் தெரியாததல்ல. உறையூரில் கிடைத்த கருப்பு சிவப்புப் பாண்டத்தைக் கவிழ்த்து வைத்துச் சுட்டார்கள். காற்றுப் படாத உட்புறம் கருப்பு, காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவப்பு.

கடையில் பொட்டலமாக வரும் மெருகைக் கரைத்துப் பூசினால் அழகான கலயம் கிடைக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விரிசல் விட்டால் ஏனென்று அந்தப் பொட்டலம் சொல்லாது. குறைந்த சூட்டில் பளபளக்கும் பழைய மெருகுகளில் ஈயம் இருப்பதுண்டு. புளியும் எலுமிச்சையும் அதைக் கரைத்து இறக்கிவிடும். ஆகவே எதில் செய்ததென்று தெரியாத மெருகுச் சட்டியில் புளிக்குழம்பு வேண்டாம். சாம்பல் வேலை செய்கிறவர்களும் மூக்கை மூடிக்கொள்ளுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஊறவைத்த விறகுச் சாம்பல் தண்ணீர் கையை அரிக்கும், உறை போடுங்கள்.

அந்த 'டிங்' சத்தத்துக்கு மருந்தும் உமியில்தான் இருந்தது. மெருகில் சிலிக்கா கூடினால் அது ஆறும்போது சுருங்குவது குறையும். என் பழைய கலவையில் உமிச்சாம்பலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்த்தேன். நாலாவது சூளையைத் திறந்து, கலயங்களைத் திண்ணையில் வரிசையாக வைத்து, அரை மணி நேரம் காது கொடுத்து உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. மூன்று மாதமாகிறது, இதுவரை விரிசல் இல்லை.