கொண்டுவிற்கப் போன ஐயா



இந்த அறக்கட்டளையை நிறுவிய என் தாயார் இன்று நம்மிடையே இல்லை. வைப்புநிதிப் பத்திரத்தைக் கல்லூரியில் ஒப்படைத்தபோது அவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: கடல் கடந்து போய் உழைத்தவர்களைப் பற்றி ஆண்டுக்கு ஒருமுறை இங்கே யாராவது பேச வேண்டும். இதுவரை அறிஞர்கள் பேசினார்கள். இந்த ஆண்டு குடும்பத்திலிருந்து ஒருவர் பேசட்டும் என்று துறைத் தலைவர் விரும்பியதால், யார் பெயரில் இந்த அறக்கட்டளை நடக்கிறதோ அவரைப் பற்றியே பேச வந்திருக்கிறேன். அவர் என் தாயாரைப் பெற்ற ஐயா.

செட்டிநாடும் பர்மாவும் என்றதும் தேக்குத் தூண்கள் நிற்கும் பெரிய வளவுகள்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்தத் தூண்களைக் கப்பலேற்றி அனுப்பியவர்கள் முதலாளிகள். ஐயா முதலாளி அல்லர். இன்னொருவருடைய வட்டிக் கடையில் சம்பளத்துக்குக் கொண்டுவிற்கப் போனவர், அதாவது கடல் கடந்து தொழிலுக்குப் போனவர். மீசை அரும்பாத வயதில் பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, கடைசியில் ஒரு சிறிய ஊர்க் கடைக்கு ஏஜெண்டாக உயர்ந்தவர். பர்மாவில் இருந்த நம் செட்டிநாட்டவர்களில் பெரும்பாலோர் இப்படிப்பட்டவர்களே. அவர்களைப் பற்றிய புத்தகங்கள் அரிது.

அவருடைய சம்பளச் சீட்டு எங்கள் வீட்டில் இருக்கிறது. மூன்று ஆண்டுக்கு இன்ன தொகை, அதில் புறப்படுமுன் இவ்வளவு முன்பணம், கணக்கை ஒப்படைத்துவிட்டுத் திரும்பியபின் மீதி என்று நேர்த்தியான கையெழுத்தில் எழுதியிருக்கிறது. பெண்டு பிள்ளைகளை அழைத்துப் போகும் வழக்கம் அன்று இல்லை. ஒரு கணக்கு முடிந்து ஊருக்கு வந்து, சில காலம் இருந்துவிட்டு, மீண்டும் கப்பலேறுவார்கள். அந்த முன்பணத்தில் குடும்பத்தை ஓட்டியவர் அவர் மனைவி, எங்கள் ஆயா. நாத்தனார் கல்யாணம், வீட்டு ஓடு மாற்றியது, பிள்ளைகளின் படிப்பு எல்லாமே அவர் முடிவுதான். ஐயா சாகசக்காரர் என்றால் ஆயாவும் சாகசக்காரியே என்பது என் உறுதியான எண்ணம். அவரைப் பற்றித் தனியாக ஒரு சொற்பொழிவு இந்த மேடையில் நடக்க வேண்டும்.

பர்மாவில் இவர்களுக்கு அப்படி என்ன வேலை இருந்தது? 1852-ல் இரண்டாம் பர்மியப் போர் முடிந்து கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஐராவதி டெல்டா அப்போது பெரும்பாலும் காடும் சதுப்பும்தான். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்து ஐரோப்பியச் சந்தை கிட்ட வந்ததும், மேல் பர்மாவிலிருந்து குடியானவர்கள் கூட்டம் கூட்டமாக இறங்கி வந்து காட்டை வெட்டி வயலாக்கினார்கள். 1850-களில் எட்டு லட்சம் ஏக்கரைத் தொடாத நெல் சாகுபடி, 1930-களில் 85 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. காடு வெட்டவும் எருமை வாங்கவும் நாற்று நட ஆள் வைக்கவும் பணம் வேண்டுமே! ஆங்கில வங்கிகள் குடியானவனை வாசற்படி ஏற விடவில்லை. அந்த இடத்தில்தான் நம்மவர்கள் பாய் விரித்துப் பெட்டியை வைத்து உட்கார்ந்தார்கள். 1929-30-ல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது, 1,650 கடைகள் வரை இருந்தன. அவற்றில் புழங்கிய முதல் 75 கோடி ரூபாய் என்று அந்தக் குழு மதிப்பிட்டது. அந்தக் காலத்து 75 கோடி!

ஐயா முதலில் இருந்தது ரங்கூன் மொகல் தெருவில். ஒரே கிட்டங்கியில் பல கடைகள்; ஒவ்வொரு கடைக்கும் ஒரு பாய், ஒரு கைப்பெட்டி, ஓர் இரும்புப் பெட்டி. பகலில் கடையாக இருந்த இடமே இரவில் படுக்கை. மாதந்தோறும் தண்டாயுதபாணி கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்வார்கள். முருகன் சந்நிதியில் சொன்ன வட்டியை அன்றைக்கு யாரும் மீறத் துணியமாட்டார்கள் என்று ஐயா சொல்லுவார். பையன்களுக்கு அங்கே பேச்சுரிமை கிடையாது. ஓரமாக நின்று கேட்டுக்கொள்ளலாம். அவருடைய பள்ளிக்கூடம் அதுதான்.

பிறகு டெல்டாவுக்கு அனுப்பினார்கள். அதன்பின் அவருடைய வாழ்க்கை சம்பான் படகில்தான் கழிந்தது. மழை பிடித்ததும் ஓடை ஓடையாகப் போய்க் கடன் கொடுப்பார். தை பிறக்கும்போது களத்து மேட்டில் போய் நிற்பார். பர்மியப் பேச்சு தெரியாமல் இதில் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. கொசு, காய்ச்சல், வழிப்பறி எல்லாம் இருந்தன. அவற்றைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. எந்தக் குடியானவன் வாக்குத் தவறாதவன், யாருடைய வயலில் உப்புத் தண்ணீர் ஏறும், யார் வீட்டில் கல்யாணம் வருகிறது என்பதைப் பற்றித்தான் மணிக்கணக்கில் பேசுவார்.

கடைப் பேரேடு முதலாளிக்குச் சொந்தம். ஐயா தனக்கென்று ஒரு சிறு கைக்குறிப்பு வைத்திருந்தார். உள்ளங்கை அளவுதான்; மேலட்டை கழன்றுவிட்டது; ஓரங்களைப் பூச்சி அரித்திருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பில் உ போட்டு, பர்மியப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் வரிசையாக எழுதியிருக்கிறார். பெயருக்கு எதிரே தொகை. அதற்கும் பக்கத்தில், பேரேட்டில் இடம்பெறாத செய்திகள்: எருமை செத்தது. மகனைத் துறவு மடத்துக்கு அனுப்பும் சடங்கு. மகளுக்குக் காதுகுத்து. பெண்சாதிக்குப் பிள்ளைப்பேறு, பணம் கேட்டு இரவில் வந்தான். கடன் எதற்கு என்று விசாரிப்பது தொழில். ஆனால் காதுகுத்து எந்தத் தேதியில் என்றும் எழுதி வைத்திருக்கிறாரே, அது தொழிலுக்குத் தேவைப்படாத அக்கறை.

1930-க்குப் பிறகு அந்தக் குறிப்பின் முகமே மாறுகிறது. உலகப் பொருளாதார மந்தத்தில் சில மாதங்களுக்குள் நெல் விலை ஏறக்குறையப் பாதியாக விழுந்தது. வாங்கிய கடன் குறையவில்லை. 1930 மே மாதம் ரங்கூனில் கலவரம்; டிசம்பரில் தராவடியில் சாயா சான் தலைமையில் குடியானவர் கிளர்ச்சி. குறிப்பில் எருமையும் காதுகுத்தும் மறைகின்றன. பெயருக்குப் பெயர் ஒரே வாசகம் வருகிறது: நிலம் எழுதிக் கொடுத்தான். பக்கம் பக்கமாக அதுதான்.

நெல் விளையும் 13 முக்கிய மாவட்டங்களில் 1930-ல் நம்மவர் கையில் இருந்தது நூற்றுக்கு ஆறு பங்கு நிலம். 1937-ல் அது 25 பங்கு. ஏழே ஆண்டுகளில் இந்த மாற்றம். நம் பக்கத்துக்காரர்கள் இதைப் பற்றி எழுதும்போது, நிலத்துக்கு யாரும் ஆசைப்படவில்லை, ரொக்கம்தான் வேண்டியிருந்தது, ஊரில் விதவைகளும் கோயில்களும் போட்ட பணத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பார்கள். அது உண்மை. வட்டிக்காரன் வந்தான், காடு வெட்டிக் கழனியாக்கியவன் கூலியாளானான் என்று பர்மியர்கள் சொல்வதும் அதே அளவு உண்மை. ஐயாவின் கையெழுத்திலேயே அது இருக்கிறது. அவர் நேர்மையானவர், ஒரு காசு கூடுதலாக எழுதாதவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நேர்மையான ஆட்கள் நேர்மையாகக் கணக்கு எழுதியும் இப்படி ஓர் அழிவு நேர முடிந்தது என்பதைத்தான் மாணவர்களாகிய நீங்கள் ஆராய வேண்டும். கடல் கடந்தவர்களின் துணிச்சலைப் போற்றும்போது, அக்கரையில் நிலம் இழந்தவனை விட்டுவிட்டுப் போற்ற எனக்கு மனம் வரவில்லை. ஐயாவும் விடவில்லை. அந்தப் பெயர்களைக் கடைசிவரை மனப்பாடமாகச் சொல்லுவார்.

1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் ஜப்பானியக் குண்டு விழுந்தது. மறு ஆண்டு மார்ச்சில் நகரமே வீழ்ந்தது. சுமார் ஐந்து லட்சம் இந்தியர் தரைவழியாகவும் கடல்வழியாகவும் தப்பி ஓடினார்கள். எத்தனை ஆயிரம் பேர் வழியில் மாண்டார்கள் என்பதற்கு இன்றுவரை துல்லியமான கணக்கில்லை. வெ. சாமிநாத சர்மா ரங்கூனிலிருந்து அந்த நடைப்பயணத்தை மேற்கொண்டு, அதைப் புத்தகமாகவும் எழுதினார். மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். ஐயா மாந்தளை போய், சிந்த்வின் ஆற்றில் படகேறிக் கலேவாவில் இறங்கி, கபா பள்ளத்தாக்கு வழியாக நடந்து தமுவைத் தாண்டி மணிப்பூருக்குள் வந்தார். வெள்ளையருக்கு ஒரு பாதை, மற்றவர்களுக்கு ஒரு பாதை என்று பாகுபாடு காட்டியதை அன்றைய தலைவர்கள் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். வாந்திபேதியும் மலேரியாவும் எந்தப் பாகுபாடும் காட்டவில்லை. ஊருக்கு வந்தபோது ஆயாவுக்கே அடையாளம் தெரியவில்லையாம்.

வழி நெடுக அவர் சுமந்து வந்தது ஒரு தகரப்பெட்டி. உள்ளே முதலாளியின் நிலப் பத்திரங்கள். மற்றவர்கள் அரிசியைச் சுமந்தபோது அவர் பத்திரத்தைச் சுமந்தார். வந்த வாரமே முதலாளி வீட்டு முகப்பில் வைத்து எண்ணி ஒப்படைத்தார். 1948-ல் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. அந்தப் பத்திரங்கள் வெறும் காகிதமாயின. நிலம் உழுதவனுக்கே போவது நியாயம்தான் என்று ஐயா வீட்டில் சொன்னதாக என் தாயார் சொல்லியிருக்கிறார். உறவுக்காரர்கள் பலருக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை.

அறுபதுகளில் நெ வின் ஆட்சியில் கடைகளும் வங்கிகளும் பறிபோய், தமிழ்க் குடும்பங்கள் கப்பல் கப்பலாகச் சென்னைக்கு வந்து இறங்கின. பர்மியத் தாய்க்குப் பிறந்து தமிழ் தெரியாத பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். ஐயா அப்போது ஒரு நெல் மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். லீவு போட்டுவிட்டு அவர்கள் தங்கிய முகாமுக்குப் போய், அந்தத் தாய்மார்களுக்காக விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். அவர் பேசிய பர்மியம் டெல்டாக் குடியானவன் பேச்சு. அதைக் கேட்டு ஓர் அம்மாள் சிரித்ததை வீட்டில் வந்து மகிழ்ச்சியோடு சொன்னார்.

நிறைவாக இரண்டு வேண்டுகோள். பழைய வீடுகளை விற்கும்போது பேரேடுகளையும் கடிதக் கட்டுகளையும் எடைக்குப் போடுகிறார்கள். அவற்றைக் கல்லூரிக்குக் கொடுத்து, படமெடுத்தபின் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஐயாவின் கைக்குறிப்பை இன்று நூலகத்தில் ஒப்படைத்திருக்கிறேன். இரண்டாவது, அறக்கட்டளைக் குழுவுக்கு: அடுத்த ஆண்டு இந்த மேடையில் ஐராவதி டெல்டாவிலிருந்து ஒரு பர்மிய அறிஞரை அழைத்துப் பேசச் சொல்லுங்கள். அவருடைய பயணச் செலவை எங்கள் குடும்பம் ஏற்கும். அந்தக் குறிப்பில் உள்ள பெயர்களை அவரிடம் காட்ட வேண்டும். அந்த ஊர்களில் அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்றும் இருப்பார்கள்.