முன்கதை சொல்ல வந்த படமும் ரசிகர்களின் வழக்கும்



முடிவு தெரிந்த கதையைத் தொடக்கத்திலிருந்து கேட்க உட்காருவது நமக்குப் பழக்கமான காரியந்தான். இராவணன் வீழ்வான் என்று தெரிந்துகொண்டேதான் இராமாயணம் கேட்கிறோம். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில், இரண்டு முறை பார்த்த படத்திற்கும் பாயைச் சுருட்டிக்கொண்டு போனவர்கள் நம்மில் எத்தனையோ பேர். முடிவு தெரியும் என்பதால் சுவை குறைந்துவிடுவதில்லை. அந்த முடிவுக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று பார்ப்பதில் வேறொரு சுவை இருக்கிறது.

அந்தச் சுவையை நம்பி அமெரிக்காவில் எடுக்கப்பட்ட ஒரு விஞ்ஞானக் கற்பனைப் படத்தைப் பற்றியும், அதன் ரசிகர்கள் கால் நூற்றாண்டாக விடாமல் நடத்திவரும் வழக்கைப் பற்றியும் இன்று பேசப் போகிறோம். பிள்ளைகள் இப்படிப்பட்ட படங்களைப் பார்த்துவிட்டு வாதாடும்போது, "இதெல்லாம் ஒரு பேச்சா, போய்ப் படி" என்று பெரியவர்கள் அதட்டிவிடுவதுண்டு. இன்று அதட்டாமல் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்போம்.

ஜார்ஜ் லூகாஸ் என்ற இயக்குநர் 1977ஆம் ஆண்டில் 'ஸ்டார் வார்ஸ்' என்ற படத்தை வெளியிட்டார். விண்வெளியில் ஒரு கொடிய பேரரசு. அதை எதிர்க்கும் சிறு கூட்டம். ஒளிவாள் ஏந்திய துறவிகளைப் போன்ற 'ஜெடாய்' வீரர்கள். கறுப்புக் கவசமும் முகமூடியும் அணிந்து, மூச்சுச் சத்தத்தாலேயே அச்சமூட்டும் டார்த் வேடர் என்ற வில்லன். 1980இல் வந்த இரண்டாம் படத்தில், அந்த வில்லன்தான் கதாநாயகனின் தகப்பன் என்ற இரகசியம் உடைந்தது. 1983இல் வந்த மூன்றாம் படத்தில் அவன் மனந்திரும்பி, மகனைக் காப்பாற்றி மாண்டான். கதை முடிந்தது.

ஆனால் ஒரு கேள்வி நின்றுகொண்டே இருந்தது. நல்ல வீரனாக இருந்த ஒருவன் இப்படிக் கொடியவனாக மாறியது எப்படி? அதற்கு விடை சொல்லத்தான் 16 ஆண்டுகள் கழித்து, 1999 மே மாதம் 19ஆம் தேதி, 'தி பேண்டம் மெனஸ்' என்ற முன்கதைப் படம் அமெரிக்காவில் வெளிவந்தது. அதற்காக ரசிகர்கள் காத்திருந்த காத்திருப்பு இருக்கிறதே, அதை நம் ஊர்த் தீபாவளிப் படத்துக்குக்கூட ஒப்பிட முடியாது. முன்னோட்டத் துண்டு ஓடுகிறது என்பதற்காக 1998 நவம்பரில் வேறு ஏதோ படத்திற்குச் சீட்டு வாங்கி, சில நிமிட முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டு, வாங்கிய சீட்டுக்குரிய படத்தைப் பாராமலே எழுந்து போனவர்கள் உண்டு. திரையரங்கு வாசலில் வாரக்கணக்கில் வரிசை பிடித்துக் கிடந்தவர்களும் உண்டு.

அப்படிக் காத்திருந்தவர்களுக்குத் திரையில் முதலில் என்ன கிடைத்தது தெரியுமா? வணிகப் பாதைகளுக்கு விதிக்கப்பட்ட வரியைப் பற்றிய தகராறு! ஒளிவாளைப் பார்க்க வந்த பிள்ளைக்கு வரிச் சட்டம். இது முதல் குற்றச்சாட்டு. பாத்திரங்கள் மரக்கட்டையைப் போல நின்று வசனம் பேசுகிறார்கள் என்பது அடுத்தது. நடிகர்கள் பல காட்சிகளில் வெறும் நீலத்திரைக்கு முன்னால் நின்று, பிற்பாடு கணினியில் சேர்க்கப்படவிருந்த உருவங்களைக் கற்பனை செய்துகொண்டு பேசினார்கள். அந்த வெறுமை முகத்தில் தெரிகிறது என்பது நியாயமான பேச்சுதான்.

படத்திற்காக வாதாடுகிறவர்கள் வரித் தகராறையே தங்கள் கட்சிக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்கிறார்கள். பால்பட்டீன் என்ற பணிவான அரசியல்வாதி ஒருவன் இரகசியமாகத் தகராறை மூட்டிவிடுகிறான். தகராறு முற்றியதும், இருக்கிற தலைவருக்குக் கையாலாகவில்லை என்று சபையில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வரச் செய்து, அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்துகொள்கிறான். படத்தின் முடிவில் எல்லாரும் வெற்றி விழாக் கொண்டாடுகிறார்கள். உண்மையில் வென்றவன் அவன் ஒருவன்தான். இதைச் சிறு வயதில் பார்த்தபோது விளங்கவில்லை, வளர்ந்து ஓட்டுப்போடும் வயது வந்த பிறகு விளங்கியது என்று சொல்லும் ரசிகர்கள் நிறையப் பேர்.

இரு கட்சியாரும் ஒத்துப்போகும் இடங்களும் இல்லாமல் இல்லை. பாலைவனத்தில் நடக்கும் இயந்திரத் தேர்ப் பந்தயம் ஒன்று. 'பென் ஹர்' படத்துத் தேர்ப் பந்தயம் நினைவிருக்கிறவர்களுக்கு அதன் வேகம் புரியும். பந்தயத் திடலைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பெருங்கூட்டத்தைக் காட்ட, காது குடையும் பஞ்சுக் குச்சிகளைப் பல்லாயிரக் கணக்கில் வண்ணம் தீட்டி மாதிரி அரங்கத்தில் குத்தி வைத்தார்களாம். கணினிப் படம் என்று பெயர், கூட்டமோ பஞ்சுக்குச்சி! இறுதியில் வரும் வாட்போரும், அதற்கு ஜான் வில்லியம்ஸ் அமைத்த இசையும் இன்னோர் இடம். அந்த இசையில் பாடகர் குழு பாடும் சொற்கள் சமஸ்கிருதம் என்பதைக் கேட்டால் நம்மில் பலர் வியக்கக்கூடும்.

இனி, வழக்கின் நடுப்பகுதிக்கு வருவோம். இங்கேதான் ரசிகர்களின் பேச்சு நம் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது.

பழைய படங்களில் ஜெடாய் வீரர்களின் ஆற்றல் ஓர் அருளைப் போலச் சொல்லப்பட்டது. எல்லா உயிர்களையும் பிணைத்து நிற்கும் ஆற்றல் அது. மனத்தை அடக்கி, பொறுமையோடு பயின்றால் கைகூடும். முன்கதைப் படத்திலோ ஒன்பது வயதுச் சிறுவன் அனாக்கினின் இரத்தத்தைச் சோதிக்கிறார்கள். அதில் இருக்கும் ஒருவகை நுண்ணுயிர்களின் எண்ணிக்கை 20,000க்கு மேல். முதுபெரும் குருவான யோடாவுக்குக்கூட அவ்வளவு இல்லை. ஆகவே இவன் பிறவியிலேயே பேராற்றல் உடையவன் என்று முடிவு கட்டுகிறார்கள். ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். யாரும் முயன்றால் அடையலாம் என்று நம்பி வந்த ஒன்றை இரத்தக் கணக்காக்கிவிட்டீர்களே என்று கேட்டார்கள்.

எதிர்க்கட்சி சும்மா இருக்கவில்லை. 1983ஆம் ஆண்டுப் படத்திலேயே, இந்த ஆற்றல் தன் குடும்பத்தில் வலுவாக இருப்பதாகக் கதாநாயகன் சொல்கிறானே, அப்போது ஏன் கொதிக்கவில்லை என்று திருப்பிக் கேட்டது. நல்ல கேள்வி. என்றாலும் இந்த வழக்கில் நாம் குற்றஞ்சாட்டுகிறவர்கள் பக்கமே நிற்கிறோம். பரம்பரையில் ஒன்று வருகிறது என்பது வேறு, ஊசி குத்தி எண்ணிப் பார்த்து ஒரு பிள்ளையின் எல்லையை முன்கூட்டியே எழுதிவிடுவது வேறு. 'தோட்டத்துப் பிள்ளைக்கு இவ்வளவுதான் வரும்' என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன ஆசிரியர்கள் நாம். நம் காதில் அந்த எண்ணிக்கை வேறு எப்படி விழும்?

அடுத்தது அந்தச் சிறுவனின் தாயைப் பற்றியது. அனாக்கினும் அவன் தாய் ஷ்மியும் ஒரு பழைய சாமான் கடைக்காரனுக்கு அடிமைகள். பழுதான கப்பலோடு அங்கே வந்து இறங்கும் ஜெடாய் வீரர், பந்தயத்தில் பையனை வைத்துச் சூதாடுகிறார். இருவரையும் விடுவிக்கக் கேட்கிறார். முதலாளி ஒருவரைத்தான் தருவேன் என்கிறான். தாயா, மகனா என்று பகடை உருட்டித் தீர்மானிக்கிறார்கள். அந்தப் பகடையையும் வீரர் தம் ஆற்றலால் பையன் பக்கம் திருப்பிவிடுகிறார். பந்தயத்தில் பையன் வெல்கிறான். திரும்பி வந்து உன்னை விடுவிப்பேன் என்று தாயிடம் சொல்லிவிட்டுப் போகிறான். படத்தின் முடிவில் ஒரு கோளையே ஆளும் அரசி, வெற்றி ஊர்வலத்தில் புன்னகையோடு நிற்கிறாள். அந்தப் பிள்ளையின் தாய் இன்னும் அடிமையாகவே இருக்கிறாள்.

ஓர் அரசியால் அந்தத் தாயை மீட்க முடியாதா? ரசிகர்கள் இதைக் கேட்காத நாளில்லை. கதையில் விழுந்த ஓட்டை என்கிறது ஒரு கட்சி. ஓட்டை அன்று, வேண்டுமென்றே வைத்த விரிசல் என்கிறது மற்றது. 2002இல் வந்த அடுத்த படத்தை அவர்கள் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அதில் ஷ்மியை ஒரு விவசாயி விலை கொடுத்து மீட்டு மணந்துகொண்டிருக்கிறான். பிறகு பாலைவனக் கொள்ளைக்கூட்டம் அவளைக் கொண்டுபோய்விடுகிறது. மகன் தேடி வந்து சேரும்போது அவன் கையிலேயே உயிர் விடுகிறாள். ஆத்திரத்தில் அவன் அந்தக் கூட்டத்தைப் பெண்கள், குழந்தைகள் உட்பட வெட்டிச் சாய்க்கிறான். டார்த் வேடர் பிறந்தது அங்கேதான். நீதி காக்க வந்த துறவிகள் ஓர் அடிமைப் பெண்ணை மறந்துபோனதன் விளைவு அது என்பது அவர்கள் வாதம். ஒப்பந்தத்தில் கட்டுண்டு, தாயை ஊரில் விட்டுக் கப்பலேறியவர்களின் வழிவந்த நமக்கு இந்த வாதம் வெறும் சினிமாப் பேச்சாகப் படவில்லை. ஆயினும், அப்படித்தான் கருதினார்கள் என்றால் முதல் படத்திலேயே ஒரு பாத்திரமாவது அதற்காக வெட்கப்பட்டிருக்க வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு இன்னும் சரியான பதில் கிடைத்தபாடில்லை.

மூன்றாவது வழக்கு ஜார் ஜார் பிங்ஸ். நீண்ட காதும், தடுக்கி விழும் கால்களும், கொச்சை மொழியும் கொண்ட கோமாளிப் பாத்திரம். உடல் முழுவதும் கணினியில் வரையப்பட்டது. அசைவையும் குரலையும் கொடுத்தவர் அகமது பெஸ்ட் என்ற கறுப்பின இளைஞர். அந்தப் பேச்சு கரீபியத் தீவு மக்களைக் கேலி செய்வது போலிருக்கிறது என்றும், வணிகர்களின் பேச்சு ஆசியரைக் கேலி செய்வது போலிருக்கிறது என்றும் விமர்சகர்கள் எழுதினார்கள். லூகாஸ் மறுத்தார். பேச்சு வழக்கைக் கொண்டு ஒருவரைச் சிரிப்புக்கு ஆளாக்குவது என்னவென்று, பட்டணத்துக்குப் படிக்கப்போன தோட்டத்துப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். ஆகவே அந்த விமர்சனம் தேவையான ஒன்றே.

ஆனால் பேச்சு அங்கே நிற்கவில்லை. பாத்திரத்தின் மீதிருந்த வெறுப்பு, அதை நடித்தவர்மீது பாய்ந்தது. பத்திரிகைகளும் ரசிகர்களும் சேர்ந்து அவரைக் குதறினார்கள். அந்நாளில் தம் உயிரையே மாய்த்துக்கொள்ளும் விளிம்புக்குப் போனதாக அகமது பெஸ்ட் 2018இல் வெளிப்படையாகச் சொன்னார். அப்போது தம் சிறு மகனோடு, அன்று போய் நின்ற அதே பாலத்தில் எடுத்த படத்தையும் வெளியிட்டார். அனாக்கினாக நடித்த சிறுவன் ஜேக் லாய்டுக்கும் பள்ளியில் நிம்மதியில்லை. அவரைக் காணும்போதெல்லாம் சக மாணவர்கள் ஒளிவாளின் ஓசையை வாயால் எழுப்பிக் கேலி செய்தார்களாம். 2001ஆம் ஆண்டோடு அவர் நடிப்பை விட்டுவிட்டார். வசனத்தை எழுதியவர் ஒருவர். அடி வாங்கியது ஒரு குழந்தை.

இதே காலத்தில் வேறு விதமாக வாதாடிய ரசிகர் ஒருவரும் இருந்தார். படம் பிடிக்கவில்லை என்று யாரையும் ஏசாமல், படத்தையே எடுத்து வைத்துக்கொண்டு ஏறக்குறைய 20 நிமிடக் காட்சிகளை வெட்டி, ஜார் ஜாரின் சேட்டைகளைக் குறைத்து, தம் விருப்பப்படி தொகுத்து நாடாவில் பரவவிட்டார். சட்டப்படி சரியா என்பது வேறு விஷயம். எந்த இடத்தில் குறை, அதை எப்படித் திருத்தலாம் என்று செய்து காட்டிவிட்டார் அல்லவா? கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்கும் நமக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது.

1999இல் எட்டு வயதாக இருந்தவர்கள் இப்போது பெற்றோர்களாகிவிட்டார்கள். அவர்களுக்கு ஜார் ஜார் எரிச்சலூட்டவே இல்லை, சிரிக்க வைத்தான். 2023இல் 'தி மேண்டலோரியன்' தொடரில் அகமது பெஸ்ட், ஒரு குழந்தையைக் காப்பாற்றும் ஜெடாய் வீரராக, சொந்த முகத்தோடு வாளேந்தி வந்தபோது ரசிகர்கள் ஆரவாரித்து வரவேற்றார்கள். 2024 மே மாதத்தில், 25ஆம் ஆண்டை ஒட்டிப் படம் மறுபடியும் திரைக்கு வந்தது.

இப்போது அந்தப் பெற்றோர்களிடையே புதிய வழக்கு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. தங்கள் பிள்ளைகளுக்கு எந்தப் படத்தை முதலில் காட்டுவது? கதை வரிசைப்படி 1999ஆம் ஆண்டுப் படத்தில் தொடங்கினால், வில்லன்தான் தகப்பன் என்ற இரகசியம் முன்னமே வெளிப்பட்டுவிடும். 1977இல் தொடங்கினால் இரகசியம் பிழைக்கும். ஆனால் அந்தச் சிறுவனைப் பிள்ளை பார்க்கும் முன்பே அவன் முகமூடியைப் பார்த்துவிடும்.