“நிரந்தர” வாசம் எத்தனை நாளைக்கு?

(கனடா தேசம் ஸ்கார்பரோவில், ஒரு ஞாயிறு மாலை நடந்த தமிழர் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இந்தக் குளிரில் வாசற்பனியை வாரிப் போட்டுவிட்டு, வாரத்தில் கிடைக்கிற ஒரு நாள் ஓய்வையும் விட்டு இத்தனை பேர் வந்திருப்பது எனக்குச் சந்தோஷமாயிருக்கிறது. கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. பயம் எதற்கென்றால், நான் வக்கீல் அல்ல. லைசென்சு பெற்ற ஆலோசகனும் அல்ல. எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இரவில் ஒரு சரக்குக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறவன். இந்நாட்டுக் குடிவரவுச் சட்டத்தை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்ததுதான் எனக்குள்ள யோக்கியதை. ஆகவே நான் சொல்லுவதை அப்படியே நம்பிவிடாதீர்கள். வீட்டிற்குப் போய் சட்டத்தைப் புரட்டிப் பார்த்து, சரியென்று பட்டால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி மனுப்போட்டு அழைத்துக்கொண்டதால் இந்நாட்டிற்கு வந்தவன் நான். ஆண்பிள்ளையைப் பெண்பிள்ளை அழைத்துக்கொண்டு போவதாவது, இது என்ன கேவலம் என்று ஊரில் சிலர் பேசினார்கள். அப்படிப் பேசியவர்களில் இரண்டு பேர் பிறகு என்னிடமே வந்து, தங்கள் மகன்களுக்கும் அப்படி ஒரு பெண் கிடைக்குமா என்று கேட்டார்கள் என்பதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. நிற்க.

இன்றைக்கு நான் பேசவந்த விஷயம் பி.ஆர். என்று நாம் சொல்லுகிற நிரந்தர வாச உரிமை. நம் மக்கள் இதை ஒரு வரப்பிரசாதம் போல நினைக்கிறார்கள். ஐதராபாத்துக்குப் பக்கத்தில் சில்கூரில் ஒரு பாலாஜி கோவில் இருக்கிறது. அந்தச் சாமிக்கு “விசா பாலாஜி” என்றே பேர் வைத்துவிட்டார்கள். வேண்டிக்கொள்ளும்போது 11 சுற்று, காரியம் பலித்தபின் 108 சுற்று என்பது அங்குள்ள ஏற்பாடு. பி.ஏ., பி.இ. படித்தவர்கள் கையில் அட்டை வைத்து ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கட்டமாக அடித்துக்கொண்டு சுற்றுகிறார்களாம். நான் கேட்கிறேன், கனடா சர்க்கார் மனுப் பாரத்தில் எத்தனை சுற்றுச் சுற்றினாய் என்று எங்கேயாவது கேட்டிருக்கிறதா? வயது என்ன, படிப்பு என்ன, இங்கிலீஷோ பிரெஞ்சோ பரீட்சையில் எவ்வளவு வாங்கினாய், எத்தனை வருஷம் வேலை செய்தாய் என்று கேட்கிறது. நட்சத்திரம் கேட்கவில்லை, கோத்திரம் கேட்கவில்லை, என்ன ஜாதி என்று கேட்கவில்லை. நம் சொந்த ஊரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் கேட்கிற கேள்வியை அயல்நாட்டான் கேட்காமல் விட்டானே என்று நாம் வெட்கப்பட வேண்டாமா?

அதற்காக வெள்ளைக்காரன் பிறவியிலேயே நியாயஸ்தன் என்று நான் சொல்லவில்லை. இதே கனடா, நம் போன்றவர்கள் வரக்கூடாதென்றே 1908-ல் ஒரு விதி போட்டது. சொந்த நாட்டிலிருந்து இடையில் எங்கும் நிற்காமல் நேரே வருகிறவனுக்குத்தான் இடம் என்றது. இந்தியாவிலிருந்து அப்படி வரக் கப்பல் கிடையாது என்று தெரிந்துதான் போட்டது. 1914-ல் கோமகாட்டா மாரு என்ற கப்பலில் 376 பேர் வான்கூவர் துறைமுகத்துக்கு வந்தார்கள். இரண்டு மாதம் கரையிறங்க விடாமல் தண்ணீரிலேயே வைத்திருந்து திருப்பி அனுப்பினார்கள். இறங்க முடிந்தவர்கள் இருபத்துச் சொச்சம் பேர். அவர்களிலும் பெரும்பாலோர் யாரென்றால், முன்னமேயே இங்கு குடியிருந்தவர்கள் என்று காட்ட முடிந்தவர்கள். வாச உரிமைக்கு அத்தாட்சி வைத்திருந்தவன் கரையேறினான். இல்லாதவன் கப்பலிலேயே நின்றான். பிற்பாடு 1951-ல், வருஷத்திற்கு இந்தியாவிலிருந்து 150 பேர், இலங்கையிலிருந்து 50 பேர் என்று அளந்து விட்டார்கள். 1962-லும் 1967-லும் விதிகளை மாற்றி, நிறத்தைப் பார்ப்பதை விட்டு, புள்ளி போடுகிற முறைக்கு வந்தார்கள். அந்தக் கப்பல் விஷயத்திற்குப் பார்லிமெண்டில் பிரதம மந்திரி மன்னிப்புக் கேட்டது 2016-ல். இதெல்லாம் மனிதன் போட்ட விதி, மனிதன் போராடி மாற்றிய விதி. ஆகவே மனிதன் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய விதி.

விதி என்றால் தலைவிதி அல்ல, தோழர்களே! சட்டப் புத்தகத்தில் இருக்கிற விதி. நிரந்தர வாசி ஒவ்வொரு ஐந்து வருஷத்திலும் 730 நாள் இந்நாட்டில் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. கார்டு கொடுத்த தேதியிலிருந்து எண்ணுவது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியல்ல. அதிகாரி உங்களை விசாரிக்கிற தினத்திலிருந்து பின்னோக்கி ஐந்து வருஷத்தை எண்ணுகிறான். வந்து ஐந்து வருஷம் ஆகாதவர்களுக்கு, மிச்சமுள்ள நாட்களில் 730 தேறுமா என்று பார்க்கிறான். இங்கே வீடு வாங்கிப் போட்டிருக்கிறேன், வரி கட்டுகிறேன் என்றால் நடக்காது. வீடு இங்கே இருந்தால் போதாது. நீங்கள் இருக்க வேண்டும். கனடாப் பிரஜையாயுள்ள கணவனுடனோ மனைவியுடனோ வெளிநாட்டில் சேர்ந்திருந்த நாட்களும், கனடாக் கம்பெனி முழுநேர வேலைக்காக வெளியே அனுப்பிய நாட்களும் கணக்கில் சேரும். கார்டு காலாவதியானால் உரிமையே போய்விட்டது என்று அழுகிறவர்களும் உண்டு. அதுவும் தப்பு. கார்டு என்பது அத்தாட்சிதான்; உரிமை வேறு.

எனக்குத் தெரிந்த கோயமுத்தூர்க்காரர் ஒருவர், துபாயில் என்ஜினீயர். சில்கூரில் 11 சுற்றி, விசா வந்தபின் மறுபடி போய் 108-ம் சுற்றியவர். மனைவி மக்களை இங்கே குடிவைத்துவிட்டுத் துபாய்க்கே திரும்பிவிட்டார். அவர் இங்கு வந்து தங்குவதற்கு ஜோசியர் நாள் பார்க்க வேண்டும். ஆடியில் பிரயாணம் ஆகாது, மார்கழியில் ஆகாது, ஒரு வருஷம் சனிப் பெயர்ச்சி, பொறுங்கள் என்றாராம். ஐந்தாம் வருஷம் வந்து இறங்கினபோது விமான நிலையத்து அதிகாரி பாஸ்போர்ட்டு முத்திரைகளைக் கூட்டிப் பார்த்தான். மொத்தம் 211 நாள். அங்கேயே நாட்டை விட்டுப் போகும்படி உத்தரவு எழுதிக் கையில் கொடுத்துவிட்டான். 108 வரைக்கும் பிசகாமல் எண்ணத் தெரிந்த மனிதனுக்கு 730 எண்ணத் தெரியாமல் போனது ஏன்? ஒன்றைச் சாமிக்காக எண்ணினார். மற்றொன்றைச் சாமி எண்ணிக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்.

இப்படி உத்தரவு கிடைத்தால் 30 நாளைக்குள் மேல்முறையீடு செய்யலாம். வெளிநாட்டிலிருக்கும்போது பிரயாணப் பத்திரம் மறுக்கப்பட்டால் 60 நாள். பிள்ளைகளின் நலம், வரமுடியாமற்போன காரணம் எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லலாம். ஆனால் ஜோசியர் சொன்னதைக் காரணமாக எழுத முடியுமா? அவர் வக்கீல் அதை மட்டும் எழுதவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

அடுத்தபடியாக, மறைப்பது. பாரத்தில் மனைவி, மக்கள் எல்லோரையும், கூட வந்தாலும் வராவிட்டாலும் எழுத வேண்டும். எழுதாமல் விட்டவரைப் பின்னால் குடும்ப வகுப்பில் அழைத்துக்கொள்ள முடியாது என்பது பொது விதி. 2019 முதல் சில வகையாருக்குத் தற்காலிகமாக ஒரு சலுகை கொடுத்ததுண்டு. அதை நம்பி மறைப்பது மடத்தனம். பொய் என்று தீர்மானித்தால் ஐந்து வருஷம் இந்நாட்டில் கால் வைக்க முடியாது. ஒரு பையன் வேறு ஜாதிப் பெண்ணை ரிஜிஸ்தர் கலியாணம் செய்துகொண்டு, அப்பனுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து, பாரத்தில் “கலியாணமாகாதவன்” என்று எழுதினான். அப்பன் அந்தப் பாரத்தைப் பார்க்கவே இல்லை! சர்க்கார் பார்த்தது. வந்து நாலு வருஷமாய் அவன் இங்கே, அந்தப் பெண் திருச்சியில். ஜாதி கேட்காத நாட்டிற்கு வந்தும், ஜாதிக்குப் பயந்து எழுதின ஒரு வார்த்தை அவர்களைப் பிரித்து வைத்திருக்கிறது.

தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். “நான்தானே உன்னை ஸ்பான்சர் செய்தேன், ஒரு கடிதம் எழுதினால் உன்னை ஏற்றி அனுப்பிவிடுவான்” என்று புருஷன் மிரட்டுகிற வீடுகள் இந்த ஊரில் எத்தனை என்பது உங்களுக்கே தெரியும். அடி வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள். 2012-லிருந்து 2017 வரை ஒரு கேடுகெட்ட நிபந்தனை உண்மையாகவே இருந்தது. புதிதாய் வந்த மனைவி சிலர், இரண்டு வருஷம் புருஷனோடு சேர்ந்து வாழ்ந்தால்தான் உரிமை நிலைக்கும் என்று. கொடுமைக்கு ஆளானவர்களுக்கு விலக்கு உண்டென்றாலும், அடிவாங்கினவளே அதை நிரூபித்துக்கொண்டு அலைய வேண்டும். 2017 ஏப்ரலில் அதை ஒழித்துவிட்டார்கள். உண்மையான கலியாணத்தின் பேரில் நிரந்தர வாசியாக வந்த பெண், புருஷனை விட்டு விலகினால் அந்தக் காரணத்தால் உரிமை போகாது. போகாதது மட்டுமல்ல, மூன்று வருஷத்திற்கு அவளுடைய ஜீவனத்துக்கு உத்தரவாதம் எழுதிக் கொடுத்தவன் அவன், பிரிந்தாலும் அந்தப் பொறுப்பு அவன் தலையில்தான் நிற்கும். தாலி கட்டினவன் சொல்லுவதைச் சட்டமென்று நம்பாமல், சட்டத்தையே கேளுங்கள்.

ஆண்பிள்ளைகளுக்கும் ஒன்று. 2018 டிசம்பரிலிருந்து குடித்துவிட்டுக் கார் ஓட்டுவதற்கு அதிகபட்சத் தண்டனை பத்து வருஷம். அதனால் அது கடுமையான குற்ற வரிசையில் சேர்ந்துவிட்டது. கோர்ட்டு அபராதத்தோடு விட்டாலும்கூட, நிரந்தர வாசியை நாடு கடத்த நடவடிக்கை எடுக்க இடமுண்டு. கலியாண விருந்து முடிந்து சாவியைத் தேடுகிறவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக நான் சொல்லப்போவது, இரண்டு மாதமாய் என் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். சண்டையில் வீட்டையும் புருஷனையும் பறிகொடுத்து, 1990-களில் அகதியாக வந்து, நிரந்தர வாச உரிமை பெற்று, மாவு ஆலையில் நின்று மூன்று பிள்ளைகளை ஆளாக்கினவர். சண்டை ஓய்ந்தபின் இலங்கைப் பாஸ்போர்ட்டு எடுத்து 2014-ல் நல்லூர்த் திருவிழாவுக்குப் போனார், 25 நாள். பின்பு தங்கை மகள் கலியாணத்துக்கு ஒரு தடவை. சென்ற வருஷம் பிரஜா உரிமைக்கு மனுப்போட்டார். பிரயாண விவரத்தை உள்ளபடியே எழுதினார். பதிலுக்கு வந்தது பிரஜா உரிமை அல்ல, “எந்த நாட்டுக்குப் பயந்து ஓடிவந்தாயோ அந்த நாட்டின் பாதுகாப்பை நீயாகவே மறுபடி ஏற்றுக்கொண்டாய், ஆகவே உன் அகதி அந்தஸ்தை ரத்து செய்ய வேண்டும்” என்று ஒரு வழக்கு.

2012 டிசம்பர் வரை இப்படி ரத்தானாலும் நிரந்தர வாச உரிமை தங்கியிருக்கும். அந்த மாதம் அமலுக்கு வந்த திருத்தத்தால், அகதி அந்தஸ்து போனால் கூடவே அதுவும் போகும். சாதாரண மேல்முறையீட்டு மன்றத்திற்கும் போக முடியாது. பெடரல் கோர்ட்டில் மறு ஆய்வு கேட்பதொன்றுதான் வழி. அந்த அம்மாவின் மகன் என்னிடம் வந்து, “அண்ணை, அம்மா கோயிலுக்குத்தானே போனவ, வேற என்ன செய்தவ?” என்று கேட்டான். நான் என்ன பதில் சொல்லுவது? சாமி கும்பிடுவதைப்பற்றி என் அபிப்பிராயம் உங்களுக்குத் தெரியும். ஆனால் வயதான ஒரு பெண் தான் பிறந்த ஊரைப் பார்க்கப் போனதற்கு இருபது வருஷ வாழ்வை விலையாகக் கேட்பது என்ன நியாயம் என்று நான் இந்த சர்க்காரைத்தான் கேட்பேன். 2022-ல் பெடரல் அப்பீல் கோர்ட்டு, கொலம்பியாவிலிருந்து அகதியாக வந்த ஒரு பெண்ணின் வழக்கில், இப்படிப் போனால் என்ன விளையும் என்பது அந்த மனிதருக்கு உண்மையாகவே தெரிந்திருந்ததா என்பதையும் யோசிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு வக்கீல் வாதாடுகிறார். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

இதே அம்மா முன்னமேயே பிரஜா உரிமை வாங்கியிருந்தால் இந்த வழக்குக்கே இடமில்லை. ஏன் வாங்கவில்லை என்று கேட்டேன். “நிரந்தரம் எண்டுதானே தம்பி கார்டில போட்டிருக்கு” என்றார். அந்த ஒரு சொல்தான் ஏமாற்றிவிட்டது. நம் நாட்டில் சனாதனம் என்ற சொல்லுக்கும் நிரந்தரம் என்றுதான் அர்த்தம் சொல்லுகிறார்கள்!

ஐந்து வருஷத்தில் 1095 நாள் இங்கே இருந்தவர், வரிக் கணக்குக் கொடுத்தவர் பிரஜா உரிமைக்கு மனுப்போடலாம். மொழிக்கும் பரீட்சைக்கும் பயப்படுகிறவர்களுக்குச் சொல்லுகிறேன், 55 வயதானவர்களுக்கு இரண்டும் கிடையாது. இந்தியப் பாஸ்போர்ட்டை விட மனமில்லை என்கிறவர்கள் அதையும் யோசித்துத் தீர்மானியுங்கள். இந்தியா இரட்டைப் பிரஜா உரிமையை ஒப்புவதில்லை. ஆனால் ஓட்டுப்போட முடியாதவனாக எத்தனை நாள் இருப்பது? 2012-ல் அந்தத் திருத்தம் பார்லிமெண்டில் வந்தபோது நம்மில் எத்தனை பேருக்கு ஓட்டு இருந்தது?

நேரமாகிவிட்டது, எட்டு மணிக்கு நான் வேலைக்குப் போக வேண்டும். அகதியாக வந்து இன்னும் பிரஜை ஆகாதவர்கள் யாராவது ஊருக்கு டிக்கெட்டு எடுத்திருந்தால், தயவுசெய்து இப்போதே என்னிடம் வந்து சொல்லுங்கள்; நல்ல வக்கீல்களின் விலாசம் வைத்திருக்கிறேன். மற்றவர்கள் அடுத்த ஞாயிறு பழைய பாஸ்போர்ட்டுகளையெல்லாம் எடுத்துக்கொண்டு வாருங்கள். இதே மேஜையில் உட்கார்ந்து நாட்களை எண்ணிப் பார்ப்போம். எனக்குக் காசு தர வேண்டாம். லைசென்சில்லாமல் காசு வாங்கிக்கொண்டு யோசனை சொல்லுவது இந்நாட்டில் குற்றம். யாராவது அப்படிக் கேட்டால், லைசென்சு நம்பரைக் கேளுங்கள். பென்சில் மட்டும் கொண்டுவாருங்கள்.